யார் போட்ட கையெழுத்து?

(பாறசாலை அருகே ஒரு நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "காலனிய ஆட்சியின் தொடக்ககால ஒப்பந்தங்களும் தன்னாட்சியின் பிறப்பும்." நோட்டீஸ் அடித்தவர் இதை ஒரே வரியில் அடக்க முடியாமல் எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறார். நான் இன்னும் சுருக்கிக்கொள்கிறேன். நம் பெயரில் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள், எப்போது போட்டார்கள், அப்போது நம்மிடம் கேட்டார்களா? இவ்வளவுதான் இன்று என் பேச்சு.

அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் இந்தக் கதை 1620இல் தொடங்கும். மேஃப்ளவர் கப்பலில் போனவர்களில் 41 ஆண்கள், குடியேறுவதற்கு முன்பே தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள். நமக்கான சட்டத்தை நாமே வகுத்துக்கொள்வோம், அதற்குக் கட்டுப்படுவோம் என்பது அதன் சாரம். கப்பலில் இருந்த பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. ஆகவே அதைத் தூக்கிவைத்துக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்திட்டவர்கள் தாங்களும் அந்தத் தாளின்படி வாழப்போகிறவர்கள். நம் பக்கத்துப் பழைய ஒப்பந்தங்களை எடுத்துப் பார்த்தால் இந்த ஒன்றுதான் கிடையாது.

நம் ஊருக்கு ஒப்பந்தம் புதிதல்ல. இங்கிருந்து தெற்கே, பழைய விளவங்கோடு தாலுகாவில், முஞ்சிறைக்குப் பக்கம் பார்த்திவபுரம் இருக்கிறது. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே கோயிலும் 95 மாணவர்கள் தங்கிப் படிக்கச் சாலையும் அமைத்தான். அதற்கான இடம் முஞ்சிறை சபையாருக்குச் சொந்தம். உழக்குடிவிளை என்று பெயர். ராஜாதானே, எடுத்துக்கொள்வோம் என்று அவன் எடுக்கவில்லை. மாற்று நிலம் கொடுத்து வாங்கினான். செப்பேட்டில் இருக்கிறது. அந்தச் சபையில் உட்கார்ந்தவர்கள் நிலமுள்ள உயர்சாதிக்காரர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொற்காலக் கதையாகிவிடும். அதேபோல, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டு நாட்டார் பலமுறை கூடி, முறை தவறிக் கேட்கும் வரியைக் கொடுக்கமாட்டோம் என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். கூடுவதும் பேசுவதும் மறுப்பதும் கப்பலில் வந்து இறங்கிய சரக்கு அல்ல.

இனி கப்பலில் வந்த சரக்குக்கு வருவோம். 1644இல் ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் விழிஞ்ஞத்தில் ஒரு பண்டகசாலை திறந்தார்கள். விழிஞ்ஞம் நம் நெய்யாற்றின்கரை தாலுகாதான். இன்று அங்கே பெரிய துறைமுகம் வந்திருப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். 1684இல் ஆற்றிங்கல் ராணி அஞ்சுதெங்கில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். பத்து வருஷம் கழித்துக் கோட்டை கட்டவும் அனுமதி வாங்கிவிட்டார்கள். ராணிக்கு டச்சுக்காரர்களின் குறுமிளகுக் குத்தகையை முறிக்க வேண்டியிருந்தது. கம்பெனிக்கு மிளகு வேண்டியிருந்தது. இரு தரப்புக்கும் லாபம்.

மிளகை விளைவித்து, சுமந்து, எடை போட்டவர்கள் மூன்றாவது தரப்பு. அவர்களுக்கு அந்தத் தாளில் இடமில்லை. எடையிலும் விலையிலும் அஞ்சுதெங்குத் தலைவன் கிஃபோர்ட் செய்த அட்டூழியம் பொறுக்காமல் அவர்கள் 1721 ஏப்ரலில் பதில் எழுதினார்கள். ராணிக்குக் காணிக்கை எடுத்துக்கொண்டு ஆற்றிங்கலுக்கு ஊர்வலமாகப் போன ஏறக்குறைய 140 பேர் கொண்ட கம்பெனிக் கூட்டம் அங்கேயே வெட்டிச் சாய்க்கப்பட்டது. பிறகு அஞ்சுதெங்குக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டார்கள். இதைச் சுதந்திரப் போர் என்று சிலர் எழுதுகிறார்கள். உள்ளூர்ப் பிரபுக்களான பிள்ளைமாரின் அதிகாரச் சண்டை என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு என்பது என் எண்ணம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ராணி கையெழுத்திட்ட தாள் செல்லுமா செல்லாதா என்று ஊர்க்காரர்கள் கேட்ட முதல் கேள்வி அது. கேட்ட விதம் கொடூரமானது, கேள்வி நியாயமானது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1723இல், கொல்லம் ஆண்டு 898இல், நம் தாலுகா நேரடியாகக் கதைக்குள் வருகிறது. வேணாட்டு, அதாவது பிற்காலத் திருவிதாங்கூரின், மன்னருக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் நெய்யாற்றின்கரை இளவரசர். கம்பெனிக்காக அஞ்சுதெங்குத் தலைவர் அலெக்சாண்டர் ஓர்ம். இளவரசருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பின்னாளில் மார்த்தாண்ட வர்மா என்று உலகம் அறிந்தவர் அவர்தான். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவின் பட்ட மரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது அதன் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்று தலவரலாறு சொல்லும். அந்த மனிதர்தான். உயிருக்கு அஞ்சி மரப்பொந்தில் ஒளிய வேண்டிய நிலையிலிருந்த ஓர் இளைஞர், கடல் கடந்து வந்தவர்களிடம் நட்பும் ஆயுதமும் தேடினார். குளச்சலில் கோட்டை கட்டுவது பற்றிய ஏற்பாடும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு.

கம்பெனி ஓர் இந்திய அரசோடு செய்துகொண்ட முதல் உடன்படிக்கை இதுவே என்று திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் பெருமையாக எழுதும். ஆற்றிங்கல் ராணியின் 1684 அனுமதியை எங்கே வைப்பது? பெண் கொடுத்த எழுத்து கணக்கில் வராதோ என்னவோ. "முதல்" என்ற பெருமையை விட்டுத்தள்ளுவோம். இந்த நட்பு யாரை எதிர்த்து என்று பார்த்தால் விஷயம் விளங்கும். பிள்ளைமாரை, மாடம்பிகளை, தங்கள் நாட்டுக் காரியத்தில் தாங்களே தலையிட்டுப் பழகிய ஊர்ப் பெரியவர்களை எதிர்த்து. பிறகு அவர் அரசரானார். 1729 முதல் 1758 வரை ஆண்டார். பிள்ளைமாரை ஒழித்தார். குளச்சலில் 1741இல் டச்சுக்காரர்களை முறியடித்தார். பெரிய ராஜா, சந்தேகமில்லை. ஆனால் ராஜாவுக்கும் குடிகளுக்கும் நடுவே நின்று "முடியாது" என்று சொல்லக்கூடிய ஆள் இல்லாமல் போனது அவர் காலத்தில்தான்.

திப்புவின் படையெடுப்பை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1789 டிசம்பர் கடைசியில் திருவிதாங்கூரின் அரணான நெடுங்கோட்டையைத் தாக்கினார், திருவிதாங்கூர் கம்பெனியின் கைக்குள் இன்னும் நெருங்கிப் போனது. 1795இல் ஓர் ஒப்பந்தம்: கம்பெனி படை தரும், ராஜா பணம் தருவார். 1805 ஜனவரியில் இன்னொன்று. அதற்கு "நிரந்தர நட்பு" என்று பெயர். நிரந்தர நட்புக்கு வருஷம் 8 லட்சம் ரூபாய். பணம்கூடப் போகட்டும். அதன் 9ஆம் பிரிவில்தான் விஷயமே இருக்கிறது. நிதி, வரி வசூல், நீதி, வாணிபம் ஆகிய எந்தக் காரியத்திலும் ஆங்கில அரசு சொல்லும் ஆலோசனைக்கு மகாராஜா முழுக் கவனம் கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். பார்த்தால் ஆலோசனை, நடப்பில் உத்தரவு. இனி கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் இருமினால் திருவனந்தபுரத்தில் திவானுக்குக் காய்ச்சல் வரும்.

இந்த 1805 ஒப்பந்தத்தை முன்னின்று முடித்துக்கொடுத்த தளவாய் யார்? நம் பக்கத்துத் தலக்குளத்துக்காரர், வேலுத்தம்பி. 1799இல் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியின் கட்டாய வசூலை எதிர்த்து ஊர் ஊராக ஆள்திரட்டி, திருவனந்தபுரம் போய், ராஜாவைக் கொண்டு மந்திரியை நீக்கவைத்தவர் அவர். கூட்டத்தின் பலத்தால் மேலே வந்தவர். ஆறே வருஷத்தில் கூட்டத்திடம் கேட்காமல் நாட்டை எழுதிக்கொடுக்கும் இடத்தில் இருந்தார். நாயர் படையின் படியைக் குறைக்கப் பார்த்தபோது அதே படை அவருக்கு எதிராகத் திரும்பியது. பாக்கிப் பணத்துக்காக ரெசிடென்ட் மெக்காலே கழுத்தைப் பிடித்தபோதுதான் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கே முழுதாகப் புரிந்திருக்க வேண்டும். 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து மக்களை நோக்கி ஓர் அறிக்கை விட்டார். கம்பெனியின் வாக்கை நம்பிக் கெட்டோம் என்று குடிகளுக்கு விளக்கம் சொன்ன அறிக்கை அது. சாதியாசாரம் கெட்டுவிடும் என்ற பயத்தையும் அதில் கிளப்பியிருக்கிறார்; அதை மறைக்க வேண்டியதில்லை. பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் உடைந்தது. மண்ணடியில் அவர் உயிரை விட்டார். பிணத்தைக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். பிறகு ரெசிடென்ட் மன்றோவே திவானாகவும் உட்கார்ந்தார். ஆலோசனை சொல்பவரும் அவரே, கேட்பவரும் அவரே.

இதுவரை சொன்னதைக் கேட்டால், "ஆக, வெள்ளைக்காரன் நம் தன்னாட்சியைப் பறித்தான்" என்று முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படி முடிக்க என்னால் முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

கல்குளம், விளவங்கோடு, இரணியல், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமெல்லாம் நாடார் பெண்கள் மார்பை மூடத் தடை, அடி, சந்தையில் ரவிக்கைக் கிழிப்பு என்று ஒரு நீண்ட கொடுமை நடந்தது. நம் பாட்டிகளின் பாட்டிகள். பாறசாலையும் நெய்யூரும் லண்டன் மிஷனின் நிலையங்கள். அங்கே படித்த பெண்கள் மேலாடை போட்டார்கள், போட்டதற்காக அடிபட்டார்கள். 1859இல் கலவரம் முற்றியபோது சென்னை கவர்னர் டிரெவெலியன் திருவிதாங்கூரை நெருக்கினார். அந்த ஆண்டு ஜூலை 26இல் மகாராஜா உத்திரம் திருநாள் பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் மேலே துணி போட்டுக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அல்ல. அரைகுறைதான். அதுவும் எதன் பலத்தில் கிடைத்தது? சென்னை சொன்னால் ராஜா கேட்க வேண்டும் என்ற 1805இன் அதே பிரிவின் பலத்தில். 1855இல் அடிமை முறை ஒழிந்ததற்குப் பின்னாலும் அதே அழுத்தம் உண்டு.

ராஜாவின் கையைக் கட்டிய கயிற்றைப் பிடித்து ஏறித்தான் இந்தப் பெண்கள் ஓர் அடி மேலே வந்தார்கள். நாடு தன்னை ஆள்வது வேறு, நாட்டில் உள்ளவர்கள் தங்களை ஆள்வது வேறு. முதலாவது பறிபோனதற்காக அழும் வரலாற்றாசிரியர்கள் இரண்டாவதைப் பற்றி நினைத்துப் பார்த்ததே இல்லை. இதற்காகக் கம்பெனிக்கு நன்றி சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்காதீர்கள். அடி வாங்கிக்கொண்டே மறுநாளும் ரவிக்கையோடு சந்தைக்குப் போன பெண்கள்தான் பிரகடனத்தை வரவழைத்தவர்கள். கவர்னர் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்.

இப்போது 1888. இந்த வருஷத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

அந்த ஆண்டு மார்ச் 30இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஒரு சட்டசபையை ஏற்படுத்தினார். இந்திய சமஸ்தானங்களில் அதுதான் முதல். எட்டு உறுப்பினர்கள். ஆறு பேர் அதிகாரிகள், இரண்டு பேர் வெளியாட்கள். எட்டுப் பேரும் நியமனம். தலைமை திவான். முதல் கூட்டம் ஆகஸ்ட் 23இல் திவானின் அறையிலேயே நடந்தது. தனிக் கட்டடமோ பார்வையாளர் மாடமோ இல்லை. ஒரு மேசையைச் சுற்றி எட்டு நாற்காலி. வாக்காளர் என்ற ஜீவன் அப்போது பிறக்கவில்லை. இந்த மேசையைத்தான் கேரள சட்டசபை தன் மூதாதையாகக் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், தப்பில்லை.

அதே 1888 சிவராத்திரியன்று நெய்யாற்றின்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் அருவிப்புறத்தில் ஒரு காரியம் நடந்தது. நாராயண குரு நெய்யாற்றில் முங்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் பிரதிஷ்டை செய்ய எந்த ராஜாவின் அனுமதியும் கிடையாது, எந்தத் தந்திரியின் அனுமதியும் கிடையாது. அவர் யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கோயிலை நடத்த ஊர்க்காரர்கள் ஒரு கூட்டம் அமைத்தார்கள். அது வளர்ந்து 1903இல் எஸ்.என்.டி.பி. யோகமாகப் பதிவானது. பதிவு செய்ததும் கம்பெனிச் சட்டத்தின் கீழ்தான். ஒரு கம்பெனி வந்து கெடுத்த ஊரில் குடிகள் தாங்களும் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. உறுப்பினர் சந்தா, ஆண்டுக் கூட்டம், தேர்தல், வரவு செலவு. திவானின் மேசையையும் ஆற்றங்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தன்னாட்சி எங்கே பிறந்தது என்று கேட்டால், நான் அருவிப்புறம் என்றுதான் சொல்வேன்.

1904இல் ஸ்ரீமூலம் பிரஜாசபை வந்தது. நூறு உறுப்பினர்கள். திருவனந்தபுரம் வி.ஜே.டி. ஹாலில் அக்டோபர் 22இல் கூடினார்கள். முதல் முறை எல்லோரும் நியமனம். அடுத்த ஆண்டிலிருந்து 77 பேர் தேர்தலில் வந்தார்கள். ஓட்டு, நிலவரி கட்டும் ஆண்களைச் சுற்றியே. சபையில் குறை சொல்லலாம், விண்ணப்பிக்கலாம். சட்டம் செய்ய முடியாது, பட்ஜெட்டைத் தொட முடியாது. அப்படியானால் பயன் என்ன என்று கேட்பீர்கள். அந்தப் பயனற்ற சபையை என்ன செய்ய முடியும் என்று காட்டிய ஒருவர் நம் தாலுகாவிலேயே இருந்தார். வெங்ஙானூர் அய்யன்காளி.

1893இல் வில்வண்டியில் ஏறி, புலையர் நடக்கக் கூடாத தெருவழியே போனவர். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கியவர். புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு உத்தரவு வந்த பிறகும் ஊர் சேர்க்கவில்லை. ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார், பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். எங்கள் பிள்ளைகளைப் படிக்க விடாவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று அவர் சொன்னார். வேலைநிறுத்தம் நீண்டது. குடிசைகளில் பட்டினி. அப்போது விழிஞ்ஞத்துக் கடற்கரைக்குப் போய் மீனவர்களோடு பேசி, ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு புலையத் தொழிலாளியை ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தார். 1644இல் கம்பெனி கடை விரித்த அதே கடற்கரை. அங்கே அரை வயிற்றுக்காவது வழி பிறந்ததால் வயலில் இறங்காமல் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் நிலவுடைமையாளர்கள் இறங்கி வந்தார்கள். மாஜிஸ்திரேட் கண்டல நாகம் பிள்ளை நடுவில் இருந்து பேச, கூலியிலும் பள்ளி விஷயத்திலும் நடக்கும் வழியிலும் உடன்பாடு ஏற்பட்டது.

இந்தத் தாலுகாவின் ஒப்பந்தங்களில் எனக்குப் பிடித்தது இதுதான். 1723இலும் 1805இலும் பேசப்பட்டவர்கள் வெளியே நின்றார்கள். இங்கே பேசப்பட்டவர்களே பேசினார்கள். அதன் பலனை அவர்களே அனுபவித்தார்கள், மீறினால் கேட்கவும் அவர்களே இருந்தார்கள். 1911 டிசம்பரில் அய்யன்காளியைப் பிரஜாசபைக்கு நியமித்தார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர், பல ஆண்டுகள் அங்கே போய், நிலம் கொடு, பள்ளி கொடு, ஃபீஸைத் தள்ளு என்று ஆண்டுதோறும் கேட்டார். பட்ஜெட்டைத் தொட முடியாத சபையிலிருந்து புறம்போக்கு நிலத்தைப் பெயர்த்தெடுத்தார்.

நெய்யாற்றின்கரையின் இன்னொரு மகனையும் சொல்லாமல் போகக் கூடாது. சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. திவான் ராஜகோபாலாச்சாரியைத் தன் பத்திரிகையில் விடாமல் விமர்சித்தார். 1910 செப்டம்பர் 26இல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து அவரை நாடு கடத்தினார்கள். பிரஜாசபை நடந்துகொண்டிருந்த காலம்தான். உள்ளே விண்ணப்பம் போட்டால் கேட்பார்கள். வெளியே கேள்வி கேட்டால் திருநெல்வேலிக்கு வண்டி ஏற்றுவார்கள்.

1933இல் இரண்டு அவைகள், பிறகு நிவர்த்தனம் என்ற விலகிநிற்கும் போராட்டம், எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தது. கோரிக்கை ஒரே வரி: பொறுப்பாட்சி. திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் அதற்குத் தடை போட்டார். ஆகஸ்ட் 31இல் நெய்யாற்றின்கரையில் என்.கே. பத்மநாப பிள்ளையைக் கைது செய்தபோது மக்கள் திரண்டார்கள், பட்டாளம் சுட்டது. வீரராகவன் விழுந்தார், அவரோடு இன்னும் சிலர்.

1947இல் அதே சி.பி., 1805 ஒப்பந்தத்தை வைத்தே கடைசி ஆட்டம் ஆடினார். பிரிட்டிஷ் மேலாதிக்கம் போனால் அந்த ஒப்பந்தமும் போகும், ஒப்பந்தம் போனால் திருவிதாங்கூர் தனி நாடு என்று ஜூன் மாதம் அறிவித்தார். சட்டப்படி வாதம் வலுவானது. ஆனால் நாடு யாருக்குத் திரும்பி வர வேண்டும் என்ற இடத்தில் அவர் மகாராஜாவின் பெயரை எழுதினார். ஜூலை 25இல் அவர் மேல் வெட்டு விழுந்தது, சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1948 பிப்ரவரியில் வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். சொத்து வேண்டாம், பட்டம் வேண்டாம். நம் ஊரில் வரிசையில் நின்று போட்ட அந்த ஓட்டுதான், என் கணக்கில், 1723க்கான பதில்.

கதை அங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. அந்தத் தேர்தலில் தெற்கே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களில் வென்றது. தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை, நேசமணி தலைவர். நெய்யாற்றின்கரையின் தென்பகுதியும், அதாவது நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடமும், கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை. 1938இல் பொறுப்பாட்சி கேட்டுச் சிறை போன அதே பட்டம். அவருடைய கட்சிப் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே ராஜினாமா செய் என்று சொன்னார்; அவர் செய்யவில்லை. ஓட்டால் வந்த அரசும் சுடும் என்பதை இந்த எல்லைக்காரர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகி அந்தப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே ஓடுகிற கோடு எது? தாலுகா எல்லை. தாலுகா என்பது நிலவரி வசூலுக்காகப் போட்ட பிரிவு. யார் எந்தக் கச்சேரியில் பணம் கட்ட வேண்டும் என்பதற்காக வகுத்த கோடு, யார் எந்த மொழியில் படிக்க வேண்டும், எந்தச் சட்டசபைக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லும் கோடாக மாறியது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் ஒரே ராத்திரியில் இரண்டு மாநிலம். நாம் எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்ற வழக்கை நான் இன்று கிளப்பவில்லை. இந்த அவையில் பாதிப் பேர் வீட்டில் மலையாளம், மீதிப் பேர் வீட்டில் தமிழ், கடையில் எல்லோருக்கும் இரண்டும். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். எத்தனை பேர் எழுதுகிறோம்?

அமரவிளை வரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலம் நினைவிருக்கும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அது மூடப்பட்டது. தண்ணீருக்குப் போட்ட சோதனைச்சாவடி மட்டும் மூடவில்லை. நெய்யாறு அணை கட்டும்போதே இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் சேர்த்துத் திட்டமிடப்பட்டது. தமிழ்நாடு சொல்லும் கணக்கு 9,200 ஏக்கர். 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. புது ஒப்பந்தம் போட்டால் தருவோம் என்றது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு தலைநகரங்கள், இரண்டு வழக்கறிஞர் குழுக்கள். கால்வாயில் புல் முளைத்துக் கிடக்கிறது; இரு பக்கத்து விவசாயிகளில் ஒருவரையாவது பேச்சுவார்த்தை மேசைக்குக் கூப்பிட்டார்கள் என்று யாராவது கேள்விப்பட்டிருந்தால் கூட்டம் முடிந்ததும் எனக்குச் சொல்லுங்கள்.

நம் கையில் ஒரு சபை இருக்கிறது. கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1994இல் வந்தது. ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிராமசபை கூட வேண்டும், வாக்காளரில் பத்தில் ஒருவர் வந்தால் கோரம் நிறைந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே 1994இல் சட்டம் வந்தது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி முதலிய நாட்களில் அங்கே கிராமசபை கூடுகிறது. வீட்டுத் திட்டப் பயனாளிப் பட்டியல் வாசிக்கிற அன்றைக்கு மட்டும் நாம் போகிறோம், பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கிளம்புகிறோம். திவானின் மேசைக்கு எட்டு நாற்காலிதான் இருந்தது; இங்கே பந்தல் முழுக்க நாற்காலி, உட்கார ஆள் இல்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நெய்யாற்றுத் தண்ணீர் குறித்து இரு மாநிலங்களும் செய்யப்போகும் எந்த ஒப்பந்தத்தின் வரைவையும், கையெழுத்தாவதற்கு முன் தமிழிலும் மலையாளத்திலும் இரு பக்கக் கிராமசபைகளில் வாசிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். பாறசாலையிலும் கொல்லயிலிலும் குன்னத்துக்காலிலும் இந்தப் பக்கத்து வார்டுகளில் அதை முன்மொழியுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் உங்கள் மாமனையும் மச்சானையும் அங்கே முன்மொழியச் சொல்லுங்கள். நிறைவேறினால் மினிட்ஸ் புத்தகத்தில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கிராமசபை எந்தத் தேதியில் என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் நாளைக்கே கேளுங்கள்.